ஆற்றோடு பல நாள் ராஃப்டிங்: முதல் பயணத்துக்கு ஜன்ஸ்காரா, சுன் கோசியா?

நொய்யல்கரை:

வணக்கம். நாங்கள் நான்கு பேர், வயது 28 முதல் 41 வரை. ரிஷிகேஷில் சிவ்புரியிலிருந்து இறங்கும் 16 கி.மீ. இரண்டு தடவை, தாண்டேலியில் காளி ஆறு ஒரு தடவை. ராஃப்டிங்கில், அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் ஆற்றோடு போவதில், எங்கள் அனுபவம் அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் கரையேறி பஸ்ஸைப் பிடிப்பது போதவில்லை. பகலெல்லாம் ஆற்றில் போய், ராத்திரி மணலில் படுத்து, மறுநாள் அங்கிருந்தே கிளம்புகிற மாதிரி ஒரு வாரப் பயணம் போக ஆசை.

விசாரித்ததில் இரண்டு ஆறு கண்ணில் படுகிறது: ஆகஸ்டில் லடாக்கின் ஜன்ஸ்கார், அக்டோபர் கடைசியில் நேபாளத்தின் சுன் கோசி. முதல் தடவைக்கு எது சரி? என்னென்ன நாங்கள் வாங்க வேண்டும், எதையெல்லாம் நடத்துகிறவர்களே தருவார்கள்? துணிமணி நனையாமல் எப்படிக் கொண்டுபோவது? சாப்பாடு, கழிப்பிடம் எப்படி? எங்களில் ஒருவருக்கு நீச்சல் தெரியாது. அவரைக் கூட்டிப்போகலாமா?

பரிசல்துறை:

ஆற்றைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனாவது கிரேடு?" என்றுதான். (ஆற்றின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை சொல்லும் எண் அது.) ஒரு நாள் பயணத்துக்கு அந்தக் கேள்வி போதும். பல நாள் பயணத்துக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் மூன்று: தண்ணீர் எவ்வளவு குளிர், ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் நடுவழியில் வெளியேற முடியுமா, கடினமான பகுதி எத்தனாவது நாளில் வருகிறது.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு சுன் கோசிதான். காத்மாண்டுவிலிருந்து மூன்று மணி நேர பஸ் தூரத்தில் தோலால்காட். இந்திராவதி வந்து சேரும் அந்த இடத்தில் ஆற்றில் இறங்கினால் சத்ரா வரை சுமார் 270 கி.மீ., எட்டு முதல் பத்து நாள். சுமார் 630 மீட்டர் உயரத்திலிருந்து 110 மீட்டருக்கு இறங்கி, நேபாளத்தின் தெற்கே உள்ள தராய் சமவெளியின் வாசலில் கொண்டுபோய் விடும். உயரம் குறைவு என்பதால் மூச்சுத் திணறல் கவலையே இல்லை. அக்டோபர் கடைசியில் தண்ணீரில் விழுந்தாலும் உடம்பு விறைக்காது.

அதைவிடப் பெரிய அனுகூலம் ஒன்று உண்டு. முதல் இரண்டு நாள் சின்னச் சின்ன அலைகள்தான். போகப்போக தாமா கோசி, லிக்கு, தூத் கோசி என்று கிளை ஆறுகள் வந்து சேர, தண்ணீர் பருத்து அலையும் பெரிதாகும். ஹர்காபூர் மாதிரி பெரிய ரேப்பிட் (தண்ணீர் வேகமெடுத்துக் கொந்தளிக்கும் இடம்) வருவதற்குள் உங்கள் கை துடுப்புக்குப் பழகிவிடும், வழிகாட்டியின் குரலுக்குக் காதும் பழகிவிடும். கற்றுக்கொடுப்பதற்கென்றே வெட்டிய ஆறு மாதிரி!

மழைக்காலம் முடிந்த உடனே, அதாவது செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம், போகாதீர்கள். அப்போது தண்ணீர் கனமாக இருக்கும். போன தடவை சுலபமாகத் தாண்டிய இடமே அப்போது வேறு இடம். கிரேடு என்பது ஆற்றுக்கு நிரந்தரமாகக் குத்திய முத்திரை கிடையாது, அன்றைய நீர்மட்டத்துக்கான மதிப்பு மட்டுமே.

கங்கையிலேயே இரண்டு நாள் இருந்து பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். தேவப்பிரயாகையிலிருந்து ரிஷிகேஷ் வரை சுமார் 70 கி.மீ., நல்ல பயிற்சிதான். ஆனால் கௌடியாலா முதல் ரிஷிகேஷ் வரை ஆற்று மணலில் கூடாரம் போடுவதை 2015 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்தது. "பீச் கேம்ப்" என்று இன்னும் விற்கிறார்கள். பணம் கட்டும் முன் கூடாரம் உண்மையில் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் ரோட்டு மேலே இருக்கும்.

நேபாளத்துக்கு விமானத்தில் போவதென்றால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை நம்பிக் கிளம்பாதீர்கள்.

லே_வாசி:

பரிசல்துறை அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஜன்ஸ்காரை ஒதுக்குவதற்கு ரேப்பிட்டைக் காரணமாகச் சொல்லக்கூடாது. அதில் பெரும்பகுதி மூன்றாம் கிரேடுதான், சில இடங்களில் நான்கு. அங்கே ஆளைச் சாய்ப்பது குளிரும் உயரமும்.

லே சுமார் 3,500 மீட்டர், ஜன்ஸ்காரின் பெரிய ஊரான பதும் அதைவிடக் கொஞ்சம் மேலே. விமானத்தில் லேயில் இறங்கினால் குறைந்தது இரண்டு ராத்திரி சும்மா இருக்கணும், மூன்று என்றால் இன்னும் நல்லது. முதல் நாள் கடைத்தெருவைச் சுற்றுவதுகூட வேண்டாம். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை இருந்தால் அது தீரும்வரை மேலே ஏறக்கூடாது. கார்கில், சுரு பள்ளத்தாக்கு வழியாகப் பதும் போகிற பாதையில் 4,400 மீட்டரில் பென்சி லா கணவாய் இருக்கிறது. மணாலி பக்கமிருந்து ஷிங்கு லா வழியாக வந்தால் 5,000 மீட்டருக்கு மேல். உயரத்தால் வரும் நோய்க்கான டயாமாக்ஸ் மாத்திரை போடுவதா வேண்டாமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு முடிவு பண்ணிக்கொண்டு வாருங்கள்.

தண்ணீர் பனியாறு உருகி வருவது. விழுந்தவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக இழுக்கும், அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்து மூச்சைச் சீராக்குவதைத் தவிர வேறு எதையும் முயலக்கூடாது. லைஃப் ஜாக்கெட் அந்த நிமிடத்துக்காகத்தான்.

உடுப்பு: கை இல்லாத 3 மி.மீ. வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் உடுப்பு), உள்ளே மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் பனியன், மேலே கழுத்தும் மணிக்கட்டும் இறுகப் பிடிக்கும் ஸ்பிளாஷ் ஜாக்கெட். வெட்சூட்டையும் ஜாக்கெட்டையும் நடத்துகிறவர்கள் தருவார்கள். அளவை லேயிலேயே போட்டுப் பாருங்கள். லொடலொடவென்று இருந்தால் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், சூடே பிடிக்காது. படகில் பருத்தித் துணி கூடவே கூடாது, ஜட்டி உட்பட. ஈரமான பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆனால் கூடாரத்துக்கு ஒரு கைலி கட்டாயம் எடுத்து வாருங்கள். மறைப்பே இல்லாத மணல்வெளியில் உடை மாற்ற அதைவிட நல்ல கூடாரம் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்று. நிம்மு–பதும்–தார்ச்சா சாலை 2024 மார்ச்சில் முழுக்க இணைந்துவிட்டது. முன்பு பள்ளத்துக்குள் நுழைந்தால் சில்லிங் வரும்வரை வெளியே வழி கிடையாது. இப்போது பல இடங்களில் தலைக்கு மேலே ரோடு. தனிமை தேடி வருகிறவர்களுக்கு இது இழப்பு, அடிபட்டவர்களுக்கு வரம். வெடி வைத்து வெட்டிய சரிவுகளிலிருந்து கல் உருளும் என்பதால் அந்தப் பாறைகளுக்கு அடியில் படகை ஒதுக்கக்கூடாது, கூடாரமும் போடக்கூடாது.

வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். சாட்டிலைட் ஃபோன், சாட்டிலைட் மெசேஜ் கருவி எதையும் நீங்களாகக் கொண்டுவராதீர்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள்.

ஆழம் பார்க்க சில்லிங்கிலிருந்து நிம்மு வரை ஒரு நாள் பயணம் இருக்கிறது. சிந்து வந்து சேரும் இடத்தில் கரையேறலாம். அதைச் செய்து பார்த்துவிட்டு அடுத்த வருடம் முழுப் பயணம் போவதுதான் என் யோசனை.

நொய்யல்கரை:

இருவருக்கும் நன்றி. சுன் கோசி என்றே வைத்துக்கொள்கிறோம். ஆளுக்கு ஒரு டிரை பேக் தருவதாகச் சொல்கிறார்கள். தண்ணீர் புகாது என்று எந்த அளவுக்கு நம்பலாம்? தூங்கும் பை நனைந்தால் தீர்ந்தோம் அல்லவா?

முடிச்சு:

டிரை பேக் நல்லதாகவே இருக்கும். தண்ணீர் புகுவது மூடுகிறவர் கையில்தான். கழுத்து வரை அடைப்பார்கள், மடிக்க இடம் இருக்காது, ஒரு சுற்றுச் சுற்றிக் கிளிப்பை மாட்டிவிடுவார்கள். அது மூடினதாகவே கணக்கில்லை.

பையில் முக்கால் பாகம்தான் நிரப்பணும். மேல் பட்டையின் இரண்டு ஓரங்களையும் ஒட்ட வைத்து, விளிம்பில் மணலோ துணி நுனியோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு மடிப்புச் சுருக்கம் இருந்தாலும் அது தண்ணீருக்கு வாய்க்கால். முழங்காலால் பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, பட்டையை இறுக்கமாக மூன்று நான்கு சுற்று உருட்டி, அப்புறம் கிளிப். பிறகு பையைக் கட்டிப்பிடித்து நெரித்துப் பாருங்கள். உஸ்ஸென்று காற்றுச் சத்தம் கேட்டால் அவிழ்த்து மறுபடி உருட்ட வேண்டியதுதான்.

இவ்வளவு செய்தாலும் நம்பாமல் பேக் பண்ணுங்கள். படகு கவிழ்ந்தால் பை அரை மணி நேரம் தலைகீழாகத் தண்ணீருக்குள் கிடக்கும். தூங்கும் பையைத் தனியாக ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, முறுக்கிக் கட்டி, டிரை பேக்கின் அடியில் வையுங்கள். கூடாரத்தில் மட்டும் போடும் ஒரு செட் துணிக்கும் அதே மாதிரி. அந்தத் துணியை எந்தக் காரணம் கொண்டும் படகில் போடக்கூடாது. பகலில் தேவைப்படும் சன்ஸ்கிரீன், தொப்பி, மருந்து, தண்ணீர் பாட்டில், வறுகடலை எல்லாம் கைக்கெட்டும் 10 லிட்டர் சின்னப் பையில். பெரிய பை காலையில் கட்டினால் சாயங்காலம்தான் அவிழும்.

சாமான் கட்டுவதை வழிகாட்டிகள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் கூட நின்று பாருங்கள், கையும் கொடுங்கள். எட்டு நாள் பயணத்தில் பெரும்பாலும் இரண்டு வகை ராஃப்ட் வரும். நீங்கள் ஆறு எட்டுப் பேர் உட்கார்ந்து துடுப்புப் போடுவது ஒன்று. இன்னொன்று நடுவில் இரும்புச் சட்டம் பூட்டி ஒரே ஆள் இரண்டு நீளத் துடுப்பால் வலிக்கும் சரக்குப் படகு. கூடாரம், அடுப்பு, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் அதில் போகும். கனமானது நடுவிலும் அடியிலும், லேசானது மேலே. கட்டி முடித்ததும் படகைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு கரண்டிகூட விழக்கூடாது. அதுதான் அளவுகோல். காம் ஸ்ட்ராப்பை (பூட்டு வைத்த கட்டும் பட்டை) இழுத்து இறுக்கிய பிறகு மீந்த வாலைச் சுருட்டிச் செருகணும். தொங்கும் ஒவ்வொரு வளையமும் கவிழும்போது யாரோ ஒருவரின் காலுக்கான சுருக்கு. கயிறு சுற்றிய கால் என்பது ஆற்றில் நடக்கக்கூடிய மிக மோசமானவற்றில் ஒன்று.

காற்று அழுத்தத்தையும் கவனியுங்கள். ராஃப்ட்டின் குழாய்களில் 2 முதல் 2.5 பி.எஸ்.ஐ. (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்லும் அதே அளவு) இருக்கணும். காலையில் கரையிலேயே அடித்துவிட்டுத் தண்ணீரில் இறக்கினால் குளிரில் காற்று சுருங்கி, படகு நடுவில் தொய்யும். தொய்ந்த படகு அலையில் மடங்கி நின்றுவிடும். தண்ணீரில் ஐந்து நிமிடம் மிதக்கவிட்டு மறுபடி பம்ப் அடிக்கணும். மதியச் சாப்பாட்டுக்குக் கரையில் இழுத்துப் போட்டால் நேர் எதிர்: வெயிலில் காற்று விரிந்து தையல் பிரியும். கொஞ்சம் திறந்துவிடணும், இல்லையென்றால் மேலே தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டே இருக்கணும்.

ராத்திரி படகு காணாமல் போவதற்குப் பெரும்பாலும் முடிச்சு காரணமில்லை, நீர்மட்டம்தான். மலையில் மதியம் உருகிய பனி பல மணி நேரம் கழித்துத்தான் கீழே வந்து சேரும். எங்கேயோ மேலே பெய்த மழையும், திறந்த மதகும் அப்படித்தான். படகுகளை மணலில் நன்றாக மேலே இழுத்து, இரண்டு வேறு பிடிமானத்தில் கட்டணும். பாறை கிடைத்தால் பாறை, வெறும் மணல் என்றால் மணல் நிரப்பிய பையைக் குழியில் புதைத்து அதில் கட்டலாம். பாரம் ஏறினாலும் இறுகிச் சிக்காத போலைன் முடிச்சு இதற்குச் சரி. படுக்கப் போகும்போது தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நடுங்கள். நடுராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தவர் டார்ச் அடித்துப் பார்த்து, குச்சி தண்ணீருக்குள் நின்றால் எல்லாரையும் எழுப்ப வேண்டும்.

அஞ்சறைப்பெட்டி:

சாப்பாடு, தண்ணீர், கழிப்பிடம் பற்றி நான் சொல்கிறேன். ஆற்றுப் பயணத்தைக் கெடுப்பது அலையைவிட வயிறுதான்.

சமையல் அவர்களுடையது. பருப்புச் சோறும் காய்கறியும் தினமும் வரும். முதல் இரண்டு நாள் கீரை, தக்காளி. பிறகு முட்டைகோஸ், கேரட், உருளை, பூசணி என்று தாங்கும் காய்கள். நீங்கள் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், வறுத்த கடலை கொண்டுபோனால் நாலாவது நாள் எல்லாரும் கும்பிடுவார்கள். கண்ணாடிப் பாட்டில் மட்டும் வேண்டாம். வெறுங்காலில் நடக்கும் மணலில் ஒரு சில்லு போதும். (ஜன்ஸ்கார் போகிறவர்களுக்கு: 3,600 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது.)

ஆற்றுத் தண்ணீர் வண்டலாக இருந்தால் நேரே ஃபில்டரில் ஊற்றாதீர்கள், ஒரே நாளில் அடைத்துவிடும். 20 லிட்டர் பக்கெட்டுக்கு அரை டீஸ்பூன் படிகாரத்தூள் போட்டு ஐந்து நிமிடம் கலக்கி, ராத்திரி முழுக்க அசையாமல் விட்டால் காலையில் மண் அடியில் படிந்திருக்கும். நம் ஊரில் பானையில் தேத்தாங்கொட்டையை உரைப்பார்களே, வேலை அதேதான். தெளிந்தது சுத்தமானது ஆகிவிடாது. மேலாக மொண்டு ஃபில்டர் செய்யணும், அல்லது தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடணும். 2,000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம்.

பாத்திரம் கழுவ நாலு பக்கெட்: எச்சில் போக ஒன்று, சோப்பும் வெந்நீரும் ஒன்று, அலச ஒன்று, கடைசியில் கொஞ்சம் பிளீச்சிங் திரவம் கலந்தது ஒன்று. சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வெளியே கைகழுவ பக்கெட்டும் சோப்பும் இருக்கிறதா பாருங்கள். ஒருவருக்கு வந்த பேதி மூன்றாம் நாள் படகு முழுக்கப் பரவுவது இந்த ஒரு சோப்பு இல்லாமல்தான். ஆளுக்குப் பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வையுங்கள்.

கழிப்பிடம்: கூட்டமாகத் தங்கும் இடத்தில் வழிகாட்டிகள் ஒரு குழி வெட்டி மறைப்புக் கட்டுவார்கள். தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி இருக்கணும். தனியாகப் போனால் 15–20 செ.மீ. குழி தோண்டி மூடுங்கள். பேப்பரைப் புதைக்காமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் மலத்தையே பெட்டியில் அடைத்துக் கொண்டுவருவது சட்டம். நம் பக்கம் அது வர நாளாகும். பெண்களுக்கு: நாப்கினைப் போட ஜிப் வைத்த தடித்த பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. கூட ஒரு காகிதப் பை. மாதவிடாய் தேதி எட்டு நாளுக்குள் வரும் என்று வைத்தே தயாராகுங்கள்.

கால்தான் கடைசியில் எல்லாரையும் படுத்தும். நாள் முழுக்க ஈரம், மணல், செருப்பு வார். நடவுக்குப் போகிறவர்களுக்கு வருமே சேற்றுப்புண், அதே கதைதான். கூடாரம் போட்டதும் முதல் வேலை காலை நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து உலரவிடுவது. படுக்கும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக் காய்ந்த சாக்ஸ். படகுக்குக் குதிகாலில் வார் உள்ள செருப்பு அல்லது பழைய கேன்வாஸ் ஷூ. ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே ஆற்றோடு போய்விடும்.

பரிசல்துறை:

நீச்சல் தெரியாதவர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்றாம் கிரேடு வரை வரலாம்; அதைவிடக் கடினமான இடம் எங்கெங்கே வரும், அங்கே அவரை என்ன செய்வார்கள் என்று நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். நீச்சல் தெரிவதைவிட, முகம் தண்ணீருக்குள் போனால் பதறாமல் இருப்பது முக்கியம். ஊரில் ஒரு நீச்சல் குளத்தில் நாலு வாரம் போய், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு குதிக்கவும் மல்லாந்து மிதக்கவும் பழகட்டும். கோச்சிடம் சொன்னால் ஏற்பாடு செய்வார். அதற்கும் பயந்தால் இந்த வருடம் வேண்டாம்.

ஆற்றில் விழுந்தால் மல்லாந்து, கால்கள் ஓட்டத்தின் திசையில், விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய மிதக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீர்தானே என்று ஓட்டத்தில் எழுந்து நிற்பதுதான் பெரிய தவறு. பாறை இடுக்கில் பாதம் மாட்டும், பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். கரை முழங்கையில் தட்டும்வரை நிற்காதீர்கள். எதிரே விழுந்த மரம் வந்தால் மட்டும் நேர் எதிர்: குப்புறத் திரும்பி, தலை முன்னால் போக வேகமாக நீந்தி மரத்தின் மேலே ஏறணும். காலோடு போனால் தண்ணீர் கிளைக்கு அடியில் இழுத்துவிடும். படகு கவிழ்ந்து நீங்கள் அடியில் இருந்தால் இரண்டு கையாலும் மேலே தடவிக்கொண்டே ஒரே திசையில் போங்கள். மாற்றி மாற்றிப் போனால்தான் வெளியே வர நேரமாகும்.

ரேப்பிட்டில் பக்கத்தில் இருப்பவர் துடுப்பால் பல் உடைவதும் உண்டு. துடுப்பின் மேல் நுனியில் உள்ள டி வடிவப் பிடியை ஒரு கை எப்போதும் மூடியே இருக்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டை முழுக்க இறுக்கியதும் நண்பரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் சைஸ் பெரிது, மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சங்கடப்படாதீர்கள்.

நடத்துகிறவர்களிடம் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: எத்தனை படகு (ஒற்றைப் படகாகப் போகக்கூடாது), கூடவே சேஃப்டி கயாக் (விழுந்தவரை மீட்கக் கூட வரும் ஒற்றையாள் படகு) எத்தனை, வழிகாட்டிகளிடம் வெள்ளநீர் மீட்புப் பயிற்சியும் முதலுதவிச் சான்றிதழும் இருக்கிறதா, எந்தெந்த இடத்தில் ரோடு ஆற்றைத் தொடுகிறது, அவசரத்துக்கு எதில் பேசுவார்கள், இரண்டாவது பம்பும் ஒட்டுப்போடும் பசையும் வருகிறதா. "எல்லாம் இருக்கு சார்" என்று மொத்தமாகப் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். தெரிந்தவர் ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை சொல்வார். உங்கள் இன்ஷூரன்ஸில் ராஃப்டிங் விலக்கப்பட்டிருக்கிறதா, ஹெலிகாப்டர் செலவு வருமா என்பதையும் வாசித்துப் பாருங்கள். சாதாரணப் பயண பாலிசியில் பெரும்பாலும் வராது.

நொய்யல்கரை:

சேமித்துவைத்துக்கொண்டேன். குளத்தில் சேர நாளைக்கே பேசுகிறோம். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: எங்களில் இரண்டு பேர் கண்ணாடி போடுகிறவர்கள். லென்ஸ் போட்டால் போதுமா?

முடிச்சு:

லென்ஸ் வேண்டாம், மணல் ஒட்டிய கை எட்டு நாளும் கண்ணுக்குள் போகும். கண்ணாடியே போதும். பின்னால் இறுகப் பிடிக்கும் வார் மாட்டி, ஹெல்மெட்டை அந்த வார் மேலேயே போடுங்கள். கழுத்தில் தொங்கும் நீளக் கயிறு வேண்டாம், அது எதிலாவது மாட்டும். பழைய பவர் கண்ணாடி ஒன்றை டப்பாவில் போட்டு நண்பரின் பையில் வையுங்கள், உங்கள் பையில் இல்லை. பை தொலைந்தால் அதுவும் கூடவே போய்விடும்.